ஆரா செயற்கைக்கோளின் எம்எல்எஸ் தரவு: மூன்று குளிர்காலம் பயன்படுத்திப் பார்த்ததில்

காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்ட பொருளுக்கு விமர்சனம் எழுதலாமா என்று ஒரு தயக்கம் இருந்தது. ஆனால் நான் இதைத் தொட ஆரம்பித்தபோது தமிழில் ஒரு வார்த்தை சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை, தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

பொருள் இதுதான். நாசாவின் ஆரா செயற்கைக்கோளில் மைக்ரோவேவ் லிம்ப் சவுண்டர் என்று ஒரு கருவி, சுருக்கமாக எம்எல்எஸ். கீழே குனிந்து பார்க்காமல் பூமியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்து, காற்று தானாக வெளிவிடும் நுண்ணலையை அளந்து, எந்த உயரத்தில் எந்த வாயு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. 2004 ஜூலை 15-ல் ஏவினார்கள். 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்ற விட்டார்கள், முழு வீச்சில் ஓடும்போது ஒரு நாளைக்குச் சுமார் 3500 இடங்களில் அளவெடுக்கும், தெற்கே 82 டிகிரியிலிருந்து வடக்கே 82 டிகிரி வரை. எல்லாம் இலவசம், ஒரு கணக்கு மட்டும் திறக்க வேண்டும்.

எனக்கு இது எதற்கு என்றால், குளிர்காலத்தில் வட துருவத்துக்கு மேலே நடக்கும் திடீர் வெப்பமேறலைப் பார்க்க. 1952-ல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் என்பவர் பலூன் அளவுகளில் முதன்முதலில் கண்டுபிடித்த விஷயம். ஸ்ட்ராடோஸ்பியர், நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் மீள் அடுக்கு என்று வருமே, அது சில நாட்களுக்குள் 30, 40, சில சமயம் 50 டிகிரி வரை சூடேறிவிடும். கீழிருந்து கிளம்பும் ராட்சத அலைகள் மேலே போய் உடைந்து, துருவத்தைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் சுழற்காற்றை நிறுத்தி, பலமான நிகழ்வென்றால் அதைத் திசையே திருப்பிவிடும். 60 டிகிரி வடக்கில், 10 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்தில், அதாவது தோராயமாக 30 கிலோமீட்டர் உயரத்தில், காற்று திசை மாறினால் அது பெரிய நிகழ்வு என்று கணக்கு. பத்து வருடத்தில் ஆறு முறை என்பது சராசரி.

இதைப் பற்றி இணையத்தில் பேசுகிற எல்லோரும் கீழே பார்த்தே பேசுகிறார்கள். ஐரோப்பாவுக்குப் பனி வருமா, அமெரிக்கா உறையுமா. 2018 பிப்ரவரியில் நடந்ததற்குப் பிறகு ஐரோப்பா நடுங்கியது உண்மைதான், அந்தக் கவலை அவர்களுக்கு நியாயம். எனக்கோ மேல்மாடியில் என்ன நடக்கிறது என்பதில்தான் ஆர்வம். சூடு ஏறினால் ஏறட்டும், அந்தக் காற்றில் என்னென்ன கலந்திருக்கிறதோ அந்தச் சேர்மானமே மாறிப்போகிறது, அதுவும் 50 கிலோமீட்டருக்கு மேலே, இடை அடுக்கிலும் (மீசோஸ்பியர்) அதற்கு அப்பாலும். அனிமேஷன் வரைபடத் தளங்களில் காற்றும் வெப்பநிலையும் அழகாகச் சுழலும், பார்க்கலாம், பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆனால் 10 ஹெக்டோபாஸ்கலோடு பெரும்பாலும் படம் முடிந்துவிடும், சேர்மானம் தெரியாது.

எம்எல்எஸ் அங்கேதான் கைகொடுக்கிறது. முக்கியமான காரணம், இது இருட்டிலும் பார்க்கும். துருவ இரவில் மாதக்கணக்கில் சூரியனே வராது. சூரிய ஒளியை நம்பியிருக்கும் கருவிகள் அங்கே குருடு. இதற்குக் காற்றின் சொந்த ஒளிர்வு போதும், இரவு பகல் கவலை இல்லை.

சரி, எதை முதலில் இறக்குவது? எல்லோரும் ஓசோன் கோப்பைத்தான் எடுப்பார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன், ஒரு மாதம் வீணாய்ப் போனது. ஓசோன் ஒரே நேரத்தில் நாலு காரணத்துக்கு ஏறும் இறங்கும், புதிதாக வருகிறவருக்குத் தலை சுற்றும். கார்பன் மோனாக்சைடை எடுங்கள். இதை யாராவது எனக்கு அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

ஏன் என்றால், வெகு உயரத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர் கார்பன் டை ஆக்சைடை உடைத்துக் கார்பன் மோனாக்சைடை உண்டாக்குகிறது. அதனால் 80 கிலோமீட்டர் உயரத்தில் பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்கு என்கிற அளவில் இருக்கும். கீழே மீள் அடுக்கில் அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. அதை அழிக்கிற ஹைட்ராக்சில் துருவ இரவில் உண்டாவதே அரிது. ஆகவே மேலேயிருந்து காற்று இறங்கினால் இந்த வாயு சாயம் போலக் கூடவே இறங்கி வரும், வழியில் கரையாது. வெப்பநிலையைப் பார்த்துக் காற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஊகிப்பதை விட, சாயம் எங்கே நிற்கிறது என்று நேராகப் பார்த்துவிடலாம்.

சோதித்துப் பார்க்க 2009 ஜனவரியை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவில் உள்ளவற்றில் மிகப் பலமான நிகழ்வுகளில் ஒன்று. ஜனவரி 24 வாக்கில் காற்று திசை திரும்பியது, துருவச் சுழல் இரண்டாகப் பிளந்தது. 70 டிகிரிக்கு வடக்கே உள்ள அளவுகளை மட்டும் சேர்த்து, நாள் குறுக்கே, உயரம் நெடுக்கே வைத்து வண்ணப் படம் போட்டேன். முதல் தடவை சரியாக வந்தபோது மணி இரவு ஒன்றரை, வீட்டில் யாரையும் எழுப்பிக் காட்ட முடியாத நேரம். டிசம்பரிலிருந்து மெதுவாகக் கீழே நகர்ந்துகொண்டிருந்த கார்பன் மோனாக்சைடு, ஜனவரி கடைசி வாரத்தில் இடை அடுக்கிலிருந்து துடைத்துவிட்டது போல் குறைகிறது. அப்புறம் பிப்ரவரியில் மேலேயிருந்து புதிதாக ஒரு நாக்கு நீண்டு, வாராவாரம் கீழே கீழே என்று மார்ச் வரை இறங்குகிறது. வெப்பநிலைப் படத்தை அதன் பக்கத்தில் வைத்தால், மீள் அடுக்கு சூடேறும் அதே நாட்களில் மேலே இடை அடுக்கு குளிர்ந்து கிடக்கிறது. வழக்கமாக 50 சொச்சம் கிலோமீட்டரில் இருக்கவேண்டிய வெப்ப உச்சி காணாமல் போய், பிப்ரவரி ஆரம்பத்தில் 80 கிலோமீட்டர் பக்கத்தில் புதிதாக முளைக்கிறது. வீட்டின் மொட்டை மாடியைக் கழற்றி இரண்டு மாடி மேலே மாட்டினாற்போல.

இதற்குப் பின்னால் இருக்கும் சங்கதி ஒரு சல்லடைதான். மலை, புயல், மேகம் எல்லாவற்றிலிருந்தும் சின்னச் சின்ன அலைகள் மேலே போய்க்கொண்டே இருக்கும். (கிராவிட்டி வேவ் என்பார்கள். ஈர்ப்பலை என்று எழுதினால் கருந்துளை மோதிய கதை நினைவுக்கு வந்துவிடும், நான் மிதப்பலை என்றே சொல்லிவிடுகிறேன்.) குளிர்காலத்தில் மீள் அடுக்கின் காற்று கிழக்கு நோக்கி ஓடுவதால் கிழக்கு நோக்கிப் போகும் மிதப்பலைகளை வடிகட்டிவிட்டு, மேற்கு நோக்கிப் போவதை மட்டும் மேலே விடும். அவை இடை அடுக்கில் உடைந்து காற்றைத் துருவத்தை நோக்கித் தள்ள, போக இடமில்லாமல் அது அங்கே கீழே இறங்கும், இறங்குவதால் சூடாகும். திடீர் வெப்பமேறலில் மீள் அடுக்குக் காற்று திசை மாறியதும் சல்லடையும் மாறிவிடுகிறது. மேற்கு அலைகள் மாட்டிக்கொள்ள, கிழக்கு அலைகள் தப்பி மேலே போகின்றன. இறக்கம் நின்று ஏற்றமாகிறது, குளிர்கிறது, சாயம் குறைந்த காற்று கீழிருந்து வருகிறது. சில வாரம் கழித்து மேல் மீள் அடுக்கில் சுழல் பழையபடி பலமாக எழுந்ததும் சல்லடை பழைய நிலைக்குத் திரும்பி, முன்னைவிட உயரத்திலிருந்து, முன்னைவிட வேகமாக இறக்கம் தொடங்குகிறது. அந்த நாக்கு அதுதான்.

நீராவிக் கோப்பையும் எடுத்துக்கொண்டால் கணக்கைச் சரிபார்க்க வசதி. இடை அடுக்கில் மேலே போகப் போக நீராவி குறையும், மேலே உள்ள காற்று காய்ந்த காற்று. அதனால் காற்று இறங்கினால் கார்பன் மோனாக்சைடு ஏறி நீராவி குறையவேண்டும், ஏறினால் தலைகீழ். இரண்டு படமும் ஒன்றையொன்று மறுத்துப் பேசினால் தப்பு வானத்தில் இல்லை, உங்கள் நிரலில். எனக்கு இரண்டு தடவை அப்படி ஆனது. ஒரு தடவை அட்சரேகையை வெட்டும்போது குறியைத் தவறவிட்டு அண்டார்டிக்காவை வரைந்துவிட்டு, ஆர்க்டிக்கில் கோடைக்காலம் போல் இருக்கிறதே என்று அரைநாள் உட்கார்ந்து யோசித்தேன்.

ஓசோனுக்கு இப்போது வரலாம். இங்கேதான் பத்திரிகைச் செய்திகளும் குழம்புகின்றன. வெப்பமேறல் நடந்தால் துருவத்தின் மேல் மொத்த ஓசோன் கூடும், ஏனென்றால் கீழ் மீள் அடுக்கில் வெளியிலிருந்து ஓசோன் நிறைந்த காற்று வந்து சேர்கிறது. தென் துருவத்தில் 2019 செப்டம்பரில் இப்படிச் சூடேறியபோது ஓசோன் ஓட்டை செப்டம்பர் 8-ல் 1.64 கோடி சதுர கிலோமீட்டரோடு நின்று, பிறகு ஒரு கோடிக்கும் கீழே சுருங்கிவிட்டது. ஓசோனைத் தின்னும் குளோரினைக் கிளப்பிவிடும் மேகங்களுக்கு வேண்டிய குளிர் இல்லாமல் போனதுதான் காரணம். நல்ல செய்தி. ஆனால் மாடிப்படி ஏறிப் பார்த்தால் கதை வேறு. மேல் மீள் அடுக்கில் சூடு ஏறினால் ஓசோன் அழியும் வேதிவினை வேகமாகிறது. அதற்கும் மேலே, 70 கிலோமீட்டர் பக்கத்தில் துருவ இரவின் ஓரத்தில் மட்டும் இருக்கும் ஒரு மெல்லிய ஓசோன் அடுக்கு, மூன்றாவது உச்சி என்பார்கள், அது நிகழ்வின்போது நலிந்துபோகிறது. 90 கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் இரண்டாவது உச்சியோ குளிரில் தற்காலிகமாகத் தடிக்கிறது. ஒரே வாயு, ஒரே வாரம், உயரத்துக்கு ஒரு நியாயம்.

அப்புறம் அந்த நாக்கோடு சேர்ந்து கீழே வருகிற இன்னொரு சரக்கு நைட்ரிக் ஆக்சைடு. துருவ ஒளி உண்டாக்கும் துகள்கள் மோதி மேலே உற்பத்தியாகும் இது, வெயில் பட்டால் சிதையும், துருவ இரவில் பத்திரமாக இறங்கும். மீள் அடுக்கை எட்டிவிட்டால் ஓசோனைப் பிடித்து நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறி, ஆக்சிஜன் அணுவைப் பார்த்ததும் மறுபடி நைட்ரிக் ஆக்சைடாகி, தான் தேயாமல் ஓசோனைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். வெப்பமேறலுக்குப் பிந்தைய அந்தப் பலமான இறக்கத்தின் உண்மையான விளைவு இதுதான், நான் எல்லாவற்றையும் விட ஆசைப்பட்டுப் பார்க்க நினைத்ததும் இதைத்தான்.

எம்எல்எஸ் இதை அளப்பதில்லை.

பெரிய குறை. கார்பன் மோனாக்சைடை வைத்துப் பாதை தெரிந்துகொள்ளலாம், சரக்கு எவ்வளவு என்று தெரியாது. அதற்கு வேறு கடைக்குப் போகவேண்டும். கனடாவின் சைசாட் செயற்கைக்கோளில் ஏஸ் எஃப்டிஎஸ் என்று ஒரு கருவி இருக்கிறது, 2003 ஆகஸ்ட் 12-ல் போனது, சரக்கு ரகம் முதல் தரம். நைட்ரிக் ஆக்சைடை 100 கிலோமீட்டருக்கு மேலேயும் காட்டும், 2004-ல் நடந்த பெரிய இறக்கத்தைப் பிடித்ததும் அதுதான். ஆனால் சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் மட்டும் பார்க்கும், நாளுக்கு 15 உதயம், 15 அஸ்தமனம். எம்எல்எஸ்ஸின் 3500-க்கு எதிரே 30. நல்ல சரக்கு, எப்போதாவது திறக்கும் கடை.

இன்னொரு கடை, டைம்ட் செயற்கைக்கோளில் உள்ள சேபர் என்ற கருவி. 2001 டிசம்பரிலிருந்து. எம்எல்எஸ் மங்கிப்போகும் உயரங்களில் இது தெளிவு, 100 கிலோமீட்டர் வரை வெப்பநிலை தரும், ஓசோனின் இரண்டாவது உச்சி நன்றாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால் 60 நாளுக்கு ஒரு தடவை விண்கலம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரு முறை 83 வடக்கிலிருந்து 52 தெற்கு வரை பார்த்தால், அடுத்த முறை 52 வடக்கிலிருந்து 83 தெற்கு. வடக்கே திரும்புவது ஜனவரி நடுவாக்கில். 2009 போல மாதக் கடைசியில் நடந்தால் அதிர்ஷ்டம், 2019-லும் 2021-லும் போல ஜனவரி முதல் வாரத்தில் நடந்தால் வெப்பமேறல் உச்சத்தில் இருக்கும்போது சேபர் அண்டார்டிக்காவைப் பார்த்துக்கொண்டிருக்கும். கல்யாணத்தன்று புகைப்படக்காரர் பக்கத்து மண்டபத்தில் நின்ற கதை.

இடை அடுக்குக்கும் மேலே, வெப்ப அடுக்குக்கே (தெர்மோஸ்பியர்) போகிறவர்களுக்கு கோல்ட் என்ற கருவி இருக்கிறது, 2018 ஜனவரியில் எஸ்இஎஸ்-14 என்ற தகவல் தொடர்புச் செயற்கைக்கோளின் முதுகில் ஏறிப் போனது. ஆக்சிஜன் அணுவுக்கும் நைட்ரஜன் மூலக்கூறுக்கும் உள்ள விகிதத்தைப் படமாகத் தரும். 2019 ஜனவரி நிகழ்வில் அந்த விகிதம் குறைந்ததைக் காட்டியது இதுதான். துருவத்தில் 30 கிலோமீட்டரில் நடந்த கலாட்டா, காற்றின் தினசரி ஓத அலைகளை (கடலில் ஏற்ற இறக்கம் போல, சூரியனாலும் நிலவாலும் காற்றில் எழுபவை) மாற்றி, அவை 100 கிலோமீட்டருக்கு மேலே போய்ச் சிதையும்போது அங்குள்ள சுற்றோட்டத்தை மாற்றி, கடைசியில் வெப்ப அடுக்கின் சேர்மானத்தையே கலைக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் அயனி மண்டலத்தில் எலக்ட்ரானும் குறையும், ரேடியோ ஆட்களுக்கு அது முக்கியம். ஆனால் கோல்ட் 47.5 டிகிரி மேற்கில் ஒரே இடத்தில் நிற்கிறது. அமெரிக்கக் கண்டங்களும் ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கமும் தெரியும். நம் பக்கம் தெரியாது.

நம் பக்கம் என்றதும் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. ஆர்க்டிக் விஷயம் நமக்கெதற்கு என்று கேட்ட நண்பனுக்கு நான் காட்டியது திருநெல்வேலியை. அங்கே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்த நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இருக்கிறது, காந்த நிலநடுக்கோட்டுக்கு வெகு பக்கம். 100 கிலோமீட்டர் சொச்ச உயரத்தில் பகலில் கிழக்கு நோக்கி ஓடும் மின்தாரையை, திருநெல்வேலியின் காந்த அளவிலிருந்து மகாராஷ்டிரத்தின் அலிபாக் அளவைக் கழித்துக் கண்டுபிடிப்பார்கள். வெப்பமேறல் நாட்களில் இந்த மின்தாரை காலையில் வலுத்து, மதியத்துக்கு மேல் திசை மாறி மேற்கு நோக்கி ஓடுவதை, 2009 உட்பட, அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். 12 மணி நேர ஓத அலை பெருத்துப்போவதுதான் காரணம், சூரிய ஓதமும் சரி, நிலவின் ஓதமும் சரி.

இதில் சேர்மானம் எங்கே வந்தது என்றால், துருவத்தில் காற்று இறங்கிச் சூடாகும்போது நிலநடுக்கோட்டுப் பக்கம் நம் தலைக்கு மேலே மீள் அடுக்கில் காற்று ஏறிக் குளிர்கிறது. குளிர்ந்தால் 40 கிலோமீட்டர் பக்கத்தில் ஓசோன் அழிவது மெதுவாகி அளவு கூடுகிறது. அந்த ஓசோன் வெயிலை உறிஞ்சுவதுதான் 12 மணி நேரச் சூரிய ஓதத்துக்கு முக்கியமான உந்துதல். ஓதம் பெருப்பதற்கு இது ஒரு பங்கு, முழுப் பங்கும் அல்ல, காற்றோட்டம் மாறுவதற்கும் பெரிய கை உண்டு. எம்எல்எஸ் ஓசோன் கோப்பில் 10 டிகிரி தெற்கிலிருந்து 10 டிகிரி வடக்கு வரை வெட்டி, 3 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தை 2009 ஜனவரி முழுக்க ஒரு கோடாக வரையுங்கள், கூடுவது கண்ணுக்குத் தெரியும். ஓதத்தையே எம்எல்எஸ்ஸில் பார்க்க முடியாதா என்றால் முடியாது. நிலநடுக்கோட்டை இது அந்த வருடங்களில் எப்போதும் பகல் ஒன்றே முக்கால், இரவு ஒன்றே முக்கால் வாக்கில்தான் கடந்தது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை மட்டும் கடற்கரைக்குப் போகிறவருக்கு அலை ஏறுவதும் இறங்குவதும் எப்படித் தெரியும்.

பயன்படுத்தும் வசதியைப் பற்றி. ஒரு வாயுவுக்கு ஒரு நாளுக்கு ஒரு கோப்பு, உள்ளே எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருக்கும், பைத்தான் ஓரளவு தெரிந்தால் போதும், நான் கல்லூரியில் கணினி படித்தவன் அல்ல. கூடவே ஒரு தர வழிகாட்டி ஆவணம் இருக்கிறது. தயவு செய்து அதை முதலில் படியுங்கள். நான் படிக்காமல் இறங்கினேன். நிலை எண் ஒற்றைப்படையாக இருந்தால் அந்த அளவைத் தூக்கிப் போடவேண்டும், துல்லிய எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் அந்தப் புள்ளி தேறாது, தரம் (குவாலிட்டி), ஒருங்கல் (கன்வெர்ஜென்ஸ்) என்ற இரண்டு எண்களுக்கும் வாயுவுக்கு வாயு வேறு வரம்பு. இதை எதையும் செய்யாமல் படம் போட்டு, இடை அடுக்கில் புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று நண்பர் குழுவில் போட்டு, பிறகு சத்தமில்லாமல் அழித்தேன்.

இன்னொன்று, படம் காட்டும் நுணுக்கத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஓசோனுக்கு மீள் அடுக்கில் 3 கிலோமீட்டர் அளவுக்குப் பிரித்துக் காட்டும், மேலே போகப் போகத் தடித்துக்கொண்டே போகும், வெப்பநிலை இடை அடுக்கின் உச்சியில் 10 கிலோமீட்டருக்கும் மேல் ஒரே பூச்சு. 80 கிலோமீட்டரில் முளைத்த வெப்ப உச்சி 78-லா 82-லா என்று இதை வைத்துச் சண்டை போட முடியாது. சண்டை போட சேபர் வேண்டும்.

வயதும் ஒரு குறை. ஐந்து வருடத்துக்கென்று செய்த வண்டி, இருபதைத் தாண்டி ஓடியிருக்கிறது. ஹைட்ராக்சில் அளந்த பகுதி 2009 முடிவிலேயே வழக்கமான வேலையை நிறுத்திவிட்டது. நீராவி அளக்கும் 190 கிகாஹெர்ட்ஸ் பகுதியைக் காப்பாற்ற வேண்டி 2024-லிருந்து மாதத்தில் சில நாட்கள்தான் இயக்குகிறார்கள். வெப்பமேறல் நாள் பார்த்தா வரும், நீராவி அளக்காத வாரத்தில் வந்தால் ஒரு பக்கத் தராசு போச்சு. சமீபத்திய நிகழ்வுகளுக்கு நான் சொன்ன அந்தச் சரிபார்ப்பு வேலை அதனால் பாதிதான் நடக்கும். இதே மாதிரி விளிம்பைப் பார்த்துப் பல வாயுக்களை அளக்க ஐரோப்பியர்கள் கெய்ர்ட் என்று ஒன்றை முன்மொழிந்தார்கள், 2025-ல் நடந்த தேர்வில் மேகத்தையும் காற்றையும் அளக்கும் விவெர்ன் ஜெயித்தது. விவெர்ன் மோசம் என்று சொல்லமாட்டேன், புயல் கணிக்கிறவர்களுக்கு அது வேண்டும். எனக்கு மட்டும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மதிப்பெண் கேட்டால் பத்துக்கு எட்டரை. நைட்ரிக் ஆக்சைடுக்கு ஒன்று, நீராவிக்கு அரை கழித்தேன். வானிலை ஆர்வலர், இயற்பியல் முதுகலை மாணவர், ஆய்வுத் திட்டத்துக்குச் செலவில்லாத தலைப்பு தேடுகிறவர் எல்லோரும் எடுக்கலாம். ஹாம் வானொலி நண்பர்கள் இதோடு ஒரு அயனி மண்டலத் தரவையும் சேர்த்துக்கொண்டால்தான் பசி அடங்கும். நாளைக்கு மழை வருமா என்று தெரியவேண்டியவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை.

எடுப்பதென்றால் 2008 டிசம்பர் 1 முதல் 2009 மார்ச் 31 வரை, கார்பன் மோனாக்சைடு, நீராவி, வெப்பநிலை மூன்றையும் சேர்த்து இறக்குங்கள். ஒரு ராத்திரி ஓட விட்டால் காலையில் வந்திருக்கும். ஓசோனை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.